சடையன் காட்டில் ஏன் களை இல்லை

போன மாதம் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். நல்ல பெண். குரலில் மரியாதை சொட்டும்.

"மேடம், செம்மேட்டுல பெண் விவசாயிகளுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறோம். மரவள்ளியில ஆண்களை விடப் பெண்களுக்கு மகசூல் குறைவா இருக்கு. அதைக் கூட்டுறது எப்படின்னு நீங்க வந்து பேசணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, மகசூல் குறைஞ்சா உடனே பயிற்சியா? யாருக்குப் பயிற்சின்னு யோசிச்சியா?" என்றேன். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மேலே இருப்பவர்கள் சொன்னதை எனக்குச் சொல்கிறாள். நான் சர்வீசில் இருந்த காலம் முழுக்கக் கேட்டுச் சலித்த பேச்சு இது. கேட்டுக் கேட்டே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது என்று டாக்டரிடம் சொன்னேன், அவர் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

கடைசியில் அவளே, "அப்ப நீங்க பார்த்ததை எழுதியாவது கொடுங்க மேடம், படிச்சுக் காட்டுறோம்" என்றாள். எழுதுகிறேன். படித்துக் காட்டும் தைரியம் அவர்களுக்கு வருமா என்பது அவர்கள் பாடு.

நான் அடிவாரத்து ஊர்க்காரி. எங்கள் அத்தா மலை மிளகு வாங்கி விற்றவர். வேளாண்மை டிப்ளமோ படித்து வேலை கிடைத்தபோது, "பொட்டப்புள்ளைய மலைக்கு அனுப்பறதா?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே கவலைப்பட்டார்கள். அத்தா, "மலையிலயும் மனுசங்கதான் இருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் வருடம் வாந்தி எடுத்தேன், இரண்டாம் வருடம் தூங்கினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் வேலையில் முக்கியமானது கிராப் கட்டிங். ஒரு காட்டில், அதாவது மலைக்காரர்கள் காடு என்று சொல்லும் விளைநிலத்தில், எவ்வளவு விளைகிறது என்று அளந்து பார்ப்பது. எந்த இடத்தை அளப்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. காட்டின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து, அட்டவணையில் விழும் எண்ணின்படி உள்ளே நடந்து, எண் முடிகிற இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். அங்கிருந்து நாலு மூலைக்கும் கயிறு கட்டி, குறுக்காகவும் அளந்து சதுரம் சரிதானா என்று பார்க்க வேண்டும். கயிற்றுக்குள் நிற்கும் செடிகளை மட்டும் பிடுங்க வேண்டும். மரவள்ளியைப் பிடுங்குவதிலும் முறை உண்டு. தண்டை இரண்டு கையாலும் பிடித்து, மண்ணை அசைத்துவிட்டு, மெதுவாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழங்கு பாதி உள்ளேயே ஒடிந்து நிற்கும், அதைத் தோண்டி எடுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு மண் உதறி, பலா மரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு எடை போடுவது.

ஆண்களின் காட்டில் இது பெரிய கூத்து. "மேடம், இந்தப் பக்கம் கட்டுங்க, இங்க நல்லா வெளைஞ்சிருக்குது" என்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். எண் விழுந்த இடத்தில்தான் கட்டுவேன் என்றால், எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்வார்கள். பெண்களின் காட்டில் யாரும் இழுப்பதில்லை. அந்தக் காட்டுக்காரி அந்த நேரம் பெரும்பாலும் வேறு யார் காட்டிலோ இருப்பாள். இது ஏன் என்று ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருடம், ஆண்கள் செய்யும் காடு, பெண்கள் செய்யும் காடு என்று பிரித்து மகசூல் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது எங்களுக்கு மேலதிகாரி வரதராஜன் சார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், கோபப்பட மாட்டார், பெண் ஊழியர்களை உட்காரச் சொல்லித்தான் பேசுவார். ஆனால் எதையும் ஒரு வார்த்தைக்கு மேல் கேட்க மாட்டார். நாம் பேச ஆரம்பித்ததும் வலது கை ஆள்காட்டி விரலை மெதுவாக உயர்த்துவார். "ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை." அவர் மேலே அனுப்பும் அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு, அது குறுகலானது. கட்டம் குறுகலாக இருப்பதால் உலகமும் குறுகலாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பச்சை மைப் பேனாவை மூடித் திறந்தபடி காத்திருப்பார். நமக்கு வார்த்தை வராவிட்டால் அவரே ஒன்று போட்டுக்கொள்வார்.

மலையில் குண்டனி நாடு என்ற பகுதியில் ஒரு ஊர். அங்கே அடுத்தடுத்து இரண்டு காடுகள், நடுவில் ஒரு வரப்பு. மேற்கே சடையன் காடு, கிழக்கே சின்னப்பொண்ணு காடு. சின்னப்பொண்ணு சடையனுடைய தம்பி மனைவி. தம்பி காய்ச்சலில் போய்ப் பல வருடம் ஆகிறது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள்தான் அந்தக் காட்டைச் செய்தாள். ஒரே மண், ஒரே சரிவு, ஒரே மழை, நட்டது ஒரே ரகக் குச்சி. சடையன் காட்டில் ஒரு செடியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவு கிழங்கு. சின்னப்பொண்ணு காட்டில் விரல் விரலாக வரும். எடை போட்டால் அவருடையதில் பாதிகூடத் தேறவில்லை.

வரதராஜன் சார் விரலை உயர்த்தினார். எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. அவர் 'விழிப்புணர்வின்மை' என்று பச்சை மையில் எழுதிவிட்டார். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். யாருக்கு விழிப்பு இல்லையாம்? கோழி கூவுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவளுக்கா?

அடுத்த நடவு முடிந்து, முதல் களை எடுக்கிற பருவத்தில் அங்கே போனேன். மரவள்ளிக்கு அதுதான் உயிர்நாடி. செடி சின்னதாக இருக்கும்போது களையை விட்டுவிட்டால், பிறகு தலைகீழாக நின்றாலும் கிழங்கு பருக்காது. சின்னப்பொண்ணு காட்டில் செடியே தெரியவில்லை, அவ்வளவு களை. ஆளையும் காணோம். வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தால், சடையன் காட்டில் குனிந்து களை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சடையன் மனைவி அலமேலு.

"ஏம்மா சின்னப்பொண்ணு, உன் காடு களையில மூழ்கிப்போச்சு. நீ இங்க நின்னு என்ன பண்றே?"

அவள் நிமிரக்கூட இல்லை. "ஏர் ஓட்டுனதுக்குங்க."

"அதுக்கு எத்தனை நாள் களை வெட்டுவே?"

"அவிய போதும்னு சொல்ற வரைக்குமுங்க." பிறகு களைக்கொத்தை ஊன்றி என்னைப் பார்த்தாள். "ஏனுங் மேடம், வரப்புல நின்னு கேக்கறதுக்கு, நீங்களும் ஒரு கொத்து எடுத்துக்கிட்டு எறங்குனா வெரசா முடியுமுங்க. நானும் பொழுதோட எங்காட்டுக்குப் போவேன்." சின்னப்பொண்ணுவின் வாய் அப்படி. அலமேலு முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

அந்த ஊர் வழக்கம் இதுதான். ஏர் மேழியைப் பெண் தொடக் கூடாது. வீட்டில் ஆண் இல்லாதவள் யாரிடமாவது ஏர் கேட்க வேண்டும். ஏர்க்காரர் தன் காட்டை முதலில் ஓட்டி நட்டுவிட்டு, பிறகு அண்ணன், மச்சான் காடுகளை ஓட்டிவிட்டு, கோடை மழையின் ஈரம் காய்ந்த பிறகு இவளுடையதற்கு வருவார். அதற்குப் பதிலாக இவள் அவர் காட்டில் களை வெட்டித் தர வேண்டும். மனுசன் உழைப்போடு மாட்டின் உழைப்பும் சேர்வதால் ஏருக்கு மதிப்பு அதிகம், களைக்கொத்துக்குக் குறைவு. எத்தனை நாள் வருவது, எப்போது வருவது எல்லாம் ஏர்க்காரர் சொல்வதுதான். களை என்ன வரப்புப் பார்த்தா முளைக்கிறது? எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில்தான் முளைக்கும். அவர் காட்டில் களை எடுத்து முடித்து இவள் தன் காட்டுக்கு வரும்போது எல்லாம் கை மீறிப் போயிருக்கும். ஆக, சடையன் காட்டு மகசூலில் பாதி சின்னப்பொண்ணுவின் கை வேலை. நாங்கள் அதை ஆண் கணக்கில் எழுதி, மிச்சத்தைப் பெண் கணக்கில் எழுதி, வித்தியாசத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம்.

செம்மேட்டு ஆபீசுக்கு வந்து வரதராஜன் சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். விரல் உயர்ந்தது.

"ஏர்" என்றேன்.

"அது கருவிம்மா. நான் காரணம் கேட்டேன்" என்றார்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருடம் சிறந்த மரவள்ளி விவசாயி என்று சடையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெண் விவசாயிகளை வண்டி வைத்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தோம். சடையன் மைக்கைப் பிடித்து, "களைய மொளையிலயே எடுத்துப் போடோணுமுங்க. சோம்பல் படப்படாதுங்க" என்றார். கைதட்டல். சின்னப்பொண்ணு கைதட்டவில்லை. காய்ப்பு ஏறிய உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

பொன்னாடை சடையனுக்கு வேறொரு யோசனையும் தந்தது. ஊர்க்கவுண்டரிடம் போய், "தம்பி காட்ட எங்கிட்டக் குடுத்துருங்க. பொம்பள கையில அது வெளையலீங்க. ஆபீசே அளந்து சொல்லிப்போட்டாங்க. அவளுக்கும் புள்ளைகளுக்கும் கஞ்சிக்கு நான் பொறுப்பு" என்று கேட்டுவிட்டார். அந்த நிலத்தை அண்ணன் தம்பி வாய்ச்சொல்லில்தான் பிரித்திருந்தார்கள், பத்திரம் இன்னும் அவர்கள் அப்பா பேரிலேயே கிடக்கிறது. ஊர்க் கூட்டம் சொல்வதுதான் தீர்ப்பு. அடுத்த வெள்ளாமையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கவுண்டர் தவணை கொடுத்தார்.

சடையன் கொடுமைக்காரர் இல்லை. தம்பி பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், பலாப்பழம் பழுத்தால் முதல் பழம் அந்த வீட்டுக்குத்தான் போகும். தான் சொல்வது நியாயம் என்று மனதார நம்பினார். கொடுமைக்காரனோடு சண்டை போட்டுவிடலாம். இந்த மாதிரி நல்லவர்களை என்ன செய்வது?

சின்னப்பொண்ணு என்னைப் பிடித்துக்கொண்டாள். "காடு போச்சுன்னா, நாளைக்கு எங்காட்டுலயே நான் கூலிக்காரிங்க. நீங்க அளந்ததத்தானுங்க அவரு சொல்றாரு. உங்க ஆபீசு எனக்கு என்னங்க பண்ணப் போவுது?"

எங்கள் ஆபீஸ் கொட்டகையில் மகளிர் குழுவுக்கென்று வந்த சின்ன பவர் டில்லர் ஒன்று தார்ப்பாய்க்குள் கிடந்தது. மலையில் சரிவில் ஓட்டத் தோதானது, ஒரு ஆள் தள்ளிக்கொண்டு போகலாம். வந்த நாளிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. வரதராஜன் சாரிடம் கேட்டேன். "பெண்கள் ஓட்டுவாங்களா? கை காலில் பட்டுட்டா?" என்றார். "களைக்கொத்து கால்ல படாதா சார்?" என்றேன். குழு கூட்டித் தீர்மானம் போடு என்றார், போட்டோம். செயலாளர் படம் ஒட்டு என்றார், சின்னப்பொண்ணுவைச் செயலாளராக்கி ஒட்டினோம். படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார். சின்னப்பொண்ணு காது தெரிய இன்னொரு படம் எடுத்தாள். டில்லர் மலைக்காட்டில் ஓடுவதற்கும் அவள் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டில்லர் ஊருக்குப் போய் இறங்கியதும் அடுத்த ரகளை. இது ஏர் இல்லையா, பெண் தொடலாமா என்று ஆண்கள் கூடிவிட்டார்கள். மண்ணைக் கிளறுகிறதே, அப்போது ஏர்தான் என்றார் ஒருவர். மாடு இல்லை, நுகத்தடி இல்லை, அது எப்படி ஏராகும் என்றார் இன்னொருவர். ஊர்க்கவுண்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் குடிக்குது. இது வண்டி. வண்டிய யாரு வேணாலும் ஓட்டலாம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. பெட்ரோல் வாடைக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

முதல் நாள் டில்லர் அவளை இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறியது. ஊரே சிரித்தது. டில்லரை இரண்டு கெட்ட வார்த்தை திட்டித் திருப்பினாள். கோடை மழை ஈரம் காயுமுன் உழுது நட்டுவிட்டாள். முதல் களை பருவத்தில் சடையன் வரப்பில் வந்து நின்று கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஏ கண்ணு, களை வெட்ட வாரதில்லையா?"

"நீங்க ஏர் ஓட்டலியே மாமா. எதுக்குங்க வாரது?"

சடையனுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இத்தனை வருடம் காட்டில் களை தானாகவே மறைந்துபோகும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். கூலிக்கு ஆள் வைக்க மனம் வரவில்லை. அவருக்குக் களைக்கொத்து பிடித்துப் பழக்கமும் இல்லை. அலமேலு ஒருத்தியாக எவ்வளவு வெட்டுவாள்?

அறுவடைக்குக் கயிறும் தராசுமாகப் போனேன். சின்னப்பொண்ணு இந்த முறை காட்டிலேயே இருந்தாள். முதல் செடியை அவளே தூக்கினாள், தூக்கிவிட்டு மண்ணில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு கனம். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மாவுச்சத்தை அளந்து விலைக்குப் போடும் பாயிண்டும் நன்றாக வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சடையன் காட்டில் விரல் விரலாகக் கிழங்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

வரதராஜன் சார் இரண்டு எடையையும் பார்த்தார். சின்னப்பொண்ணு காட்டுக்கு நேராக 'பயிற்சி' என்று எழுதினார். சடையன் காட்டுக்கு நேராக 'பருவநிலை'.

"சார், ரெண்டு காட்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான் இருக்கு. மழை ஆம்பளை காடு, பொம்பளை காடுன்னு பார்த்தா பெய்யுது?"

அவர் புன்னகைத்தார். பேனாவை மூடினார். அந்தப் புன்னகையை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் கூடியது. மகசூலைச் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் ஓரமாக நின்றார்கள். நான் எடையைச் சொன்னேன். இனி என்ன பேச்சு இருக்கப் போகிறது, காடு அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சடையன் எழுந்தார். "அப்பிடீன்னா ஒண்ணு தெரிஞ்சு போச்சுங்க. பொம்பள கையிலயே இத்தன வெளையுதுன்னா, அந்த மண்ணு எப்பேர்ப்பட்ட மண்ணா இருக்கோணும்? பாகம் பிரிக்கறப்ப தம்பிக்கு நல்ல காடு, எனக்கு மட்டமான காடு வந்திருக்குதுங்க. அதை எங்கிட்டக் குடுக்கறதுதான் ஞாயம்."

போன வருடம் விளையவில்லை, அதனால் எனக்குக் கொடு. இந்த வருடம் விளைந்துவிட்டது, அதனால் எனக்குக் கொடு. விளையாதபோது அவள் கை மட்டம், விளைந்தபோது மண் உசத்தி. இதைவிட அதிசயம், நாலைந்து பேர் "அதுஞ் சரிதான்" என்று தலையாட்டினார்கள். கவுண்டரும் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். நான் எழுந்து கத்தியிருப்பேன். அதற்குள் சின்னப்பொண்ணு முன்னால் வந்துவிட்டாள். அங்கே பெண்கள் கூட்டத்தின் நடுவே வந்து பேசுகிற வழக்கம் இல்லை.

"சரிங்க மாமா. மாத்திக்கலாம். நல்ல காட்ட நீங்க எடுத்துக்குங்க. மட்டமான காட்ட எனக்குக் குடுங்க."

நல்ல காடு வேண்டும் என்று கேட்டவர் சடையன்தானே, சரி என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. அடுத்த அறுவடையில் எந்தக் காடு எப்படி இருக்கும் என்று அவர் கண்ணில் ஓடியது எனக்கே தெரிந்தது.

"சொல்லு சடையா, சம்மதமா?" என்றார் கவுண்டர்.

அப்போது ஓரத்திலிருந்து அலமேலுவின் குரல் வந்தது. எத்தனையோ தடவை அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறேன், அவள் உரக்கப் பேசிக் கேட்டதே இல்லை. "மாத்தறதுன்னா வெரசா மாத்துங்க. நானும் அவகூடவே அந்தக் காட்டுக்குக் களை வெட்டப் போயிர்றேன்."

பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு எல்லாப் பக்கமும் சிரிப்பு. சடையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரவர் காடு அவரவருக்கு, இனி இந்தப் பேச்சு கூட்டத்துக்கு வரக் கூடாது என்று கவுண்டர் முடித்தார்.

நானும் சின்னப்பொண்ணுவும் பஸ் ரோடு வரை சேர்ந்து நடந்தோம். எனக்கு அவள் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது. "நல்ல வேளை, அவர் சரின்னு சொல்லல. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னிடமே எரிந்து விழுந்தாள். "வெளையாட்டுக்கா கேட்டேன்? சரின்னு சொல்லியிருந்தா சந்தோசமா வாங்கியிருப்பேனுங்க. இந்தக் காட்டுக்கு நான் ஒரு வருசந்தான் ஒழுங்கா வந்திருக்கேன். எத்தன வருச ஒழைப்பு அந்தக் காட்டுக்குள்ளதானுங்க கெடக்குது."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டவில்லை. மேற்கே, சடையன் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.